இரண்டு வாரத்துக்கு முன் எப்படி இருந்தார்?

மருத்துவமனையில் சேர்க்கப்படும் முதியவரைப் பற்றிச் செவிலியர் கேட்க வேண்டிய முதல் கேள்வி "இப்போது என்ன செய்கிறது?" அல்ல. "இரண்டு வாரத்துக்கு முன் எப்படி இருந்தார்?" என்பதுதான். அப்போது தானாகக் குளித்தாரா, உடுத்திக்கொண்டாரா, கழிப்பறைக்குத் தனியே போய்வந்தாரா, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறினாரா, சிறுநீரையும் மலத்தையும் அடக்க முடிந்ததா, தன் கையால் சாப்பிட்டாரா? 1963இல் சிட்னி காட்ஸும் சகாக்களும் வெளியிட்ட அன்றாடச் செயல் அட்டவணையின் ஆறு உருப்படிகள் இவை. கேட்டு எழுதச் சில நிமிடங்களே ஆகும். சேர்ந்த அன்றே எழுதாவிட்டால் பிறகு நம்பகமான பதில் கிடைப்பது கடினம். கூட வந்தவர் வீடு திரும்பியிருப்பார். அடுத்த ஷிப்டுக்கு வரும் செவிலியருக்கு அந்த முதியவர் படுத்த படுக்கையாகவே அறிமுகமாவார். "இவர் எப்போதும் இப்படித்தான்" என்ற முடிவு வார்டில் நிலைத்துவிடும்.

அந்த முடிவு எவ்வளவு பேரை மறைக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கென்னத் கோவின்ஸ்கி குழு 2003இல் வெளியிட்ட ஆய்வில் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 2,293 உள்நோயாளிகளைத் தொடர்ந்தார்கள். சேர்வதற்கு இரண்டு வாரத்துக்கு முந்தைய நிலையோடு ஒப்பிட்டபோது, வீடு திரும்பும் நாளில் 35 சதவீதத்தினர் அன்றாடச் செயல்களில் பின்தங்கியிருந்தார்கள். இதில் 12 சதவீதத்தினர் மருத்துவமனைக்குள் வந்தபின் சரிந்தவர்கள். மீதி 23 சதவீதத்தினர் வரும்போதே சரிந்திருந்து, மீளாமலே திரும்பியவர்கள். சேர்ந்த நாளின் நிலையை அடிப்படையாக வைத்துக்கொண்டால், இந்த இரண்டாவது கூட்டத்தில் பலர் கணக்கிலேயே வரமாட்டார்கள். "வந்ததுபோலவே போனார்" என்று எழுதி அனுப்பிவிடுவோம்.

முதியோர் செவிலியக் கல்வியை முன்னேற்றுவது என்றால் பாடநேரத்தைக் கூட்டுவது, புதிய பட்டயப் படிப்பு தொடங்குவது என்றே பேச்சு போகிறது. அவையும் வேண்டும்தான். ஆனால் ஒரு கல்வித் திட்டம் உருப்படியானதா என்று பார்க்க எங்களுக்கு ஒரே சோதனை போதும்: அதில் பயின்றவர் முதியவரின் பழைய நிலையைக் கேட்டறிகிறாரா, அதிலிருந்து வந்த மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறாரா, கண்டதை வைத்து அன்றைக்கே எதையாவது மாற்றிச் செய்கிறாரா. ஆய்வுக்கும் இதே சோதனைதான்.

பாடத்தில் வரிசை தலைகீழாக இருக்கிறது

வழக்கமான அமைப்பில் முதுமை என்பது பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கங்களில் ஓர் அலகு. தோல் மெலிகிறது, எலும்பு தேய்கிறது, சிறுநீரகம் தளர்கிறது என்று உறுப்பு உறுப்பாக ஒரு பட்டியல், அதன் முடிவில் ஒரு தேர்வு. செய்முறைப் பயிற்சியோ இதற்கு நேர்மாறாக முதலாண்டிலேயே முதியோர் இல்லத்தில் தொடங்கும். படுக்கை விரிக்கவும் உடம்பு துடைக்கவும் கற்றுக்கொள்ள அது வசதியான இடம் என்ற கணக்கு. உடன் நின்று சொல்லித்தர அனுபவமுள்ள செவிலியர் அங்கே இருக்கமாட்டார். மாணவர் அங்கிருந்து எடுத்துவருவது ஒரே பாடம்: முதியோர் பராமரிப்புக்கு மூளை தேவையில்லை. இந்த எண்ணம் ஒருமுறை பதிந்துவிட்டால் பிறகு எத்தனை விரிவுரை வைத்தாலும் அழிவதில்லை.

வரிசையை மாற்ற வேண்டும். முதலாண்டில் மாணவர் சந்திக்க வேண்டியது நலமாக வாழும் முதியவரை. ஒரே ஆளை ஓராண்டுக்கு, மாதம் ஒருமுறை, அவர் இருக்கும் இடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். நடப்பது, நினைவாற்றல், பார்வை, கேள்திறன், உணவும் எடையும், மனநிலை ஆகிய ஆறையும் ஒவ்வொரு முறையும் குறித்துவர வேண்டும். உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கான ஒருங்கிணைந்த பராமரிப்பு வழிகாட்டியில் உள்ளார்ந்த திறன் என்று வகுத்திருப்பவை இவைதாம். ஓராண்டில் பெரிய மாற்றம் எதுவும் தெரியாமல் போகலாம். அதுவே பெரிய பாடம். முதுமை வேறு, நோய் வேறு என்பதை வேறெந்த வழியிலும் இவ்வளவு அழுத்தமாகச் சொல்லிவிட முடியாது. அடுத்து புறநோயாளிப் பிரிவு, அதன்பின் உள்நோயாளி வார்டு. நீண்டகாலப் பராமரிப்பு இல்லம் கடைசியாண்டில் வரட்டும். டிமென்ஷியா என்னும் மறதிநோய், பல நோய்கள் ஒன்றாக இருப்பது, இறுதிக்காலப் பராமரிப்பு எல்லாம் ஒரே கட்டிலில் சந்திக்கும் இடம் அது. செவிலியத்திலேயே கடினமான தீர்மானங்கள் எடுக்க வேண்டிய இடமும் அதுதான்.

மனப்பான்மையை மாற்றுகிறோம் என்று பல கல்லூரிகள் முதுமைப் போலி உடையை மாட்டிவிடுகின்றன: மஞ்சள் கண்ணாடி, தடித்த கையுறை, முழங்கால் பட்டை, காதடைப்பு. இதைக் கவனமின்றிச் செய்தால் எதிர்விளைவு வரும். உண்மையான முதுமை பல பத்தாண்டுகளில் மெல்ல வருகிறது, மனிதர் அதற்கேற்பத் தன்னைப் பழக்கிக்கொள்கிறார். உடை ஒரு நொடியில் ஊனத்தைப் போர்த்துகிறது. அரைமணி நேரம் அணிந்தவர் "எனக்கு முதுமையே வேண்டாம்" என்ற அச்சத்தோடு வெளியே வருவார். ஆகவே வெறுமனே நடக்கவைப்பதை விட்டு, வேலை கொடுக்க வேண்டும். கலந்து கிடக்கும் மாத்திரைகளைப் பிரிக்கட்டும், ஒப்புதல் படிவத்தைப் படித்துக் கையெழுத்திடட்டும், பின்னணியில் இரைச்சல் ஓட மருந்து விளக்கத்தைக் கேட்டுத் திருப்பிச் சொல்லட்டும். பிறகு, உடை அணிந்திருந்த நேரத்துக்குக் குறையாமல் உட்கார்ந்து பேச வேண்டும். பேச்சு "எவ்வளவு கஷ்டம்" என்பதில் நின்றுவிடாமல், அந்தப் படிவத்தையும் மாத்திரை உறையையும் நாம் எப்படி மாற்றி அமைப்பது என்பதில் முடிய வேண்டும். முன்னும் பின்னும் அளக்க நேதன் கோகன் 1961இல் உருவாக்கிய மனப்பான்மை அளவுகோலும், எர்ட்மன் பால்மோர் 1977இல் வெளியிட்ட முதுமை பற்றிய அறிவுத் தேர்வும் இன்றுவரை பயன்படுகின்றன. இவற்றில் மதிப்பெண் ஏறியதை வைத்துக் கட்டிலருகே நடத்தை மாறிவிட்டது என்று மட்டும் முடிவு கட்டக்கூடாது.

எண்கள் பொய் சொல்லும் இடங்கள்

உடல்மாற்றப் பட்டியலை மனப்பாடம் செய்தவரை, கட்டிலருகே அந்தப் பட்டியல் காப்பாற்றாது. ஒவ்வொரு மாற்றமும் எந்த அளவீட்டை ஏமாற்றும் என்று சொல்லித்தர வேண்டும்.

காய்ச்சலை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்டகாலப் பராமரிப்பில் இருக்கும் முதியவருக்கு நிமோனியா வந்தும் வெப்பநிலை 38 டிகிரியைத் தொடாமலே போகலாம். அமெரிக்கத் தொற்றுநோயியல் சங்கம் இவர்களுக்காக 2008இல் தந்த வரையறை வேறு: வாய்வழி அளவு ஒருமுறை 37.8 டிகிரி செல்சியசைத் தாண்டுவது, அல்லது திரும்பத் திரும்ப 37.2ஐத் தாண்டுவது, அல்லது அவருடைய வழக்கமான அளவைவிட 1.1 டிகிரிக்கு மேல் ஏறுவது. மூன்றாவதைப் பாருங்கள். நலமாக இருக்கும்போது அவருக்கு 36.0தான் என்று யாரோ எழுதிவைத்திருந்தால் மட்டுமே 37.2 ஒரு எச்சரிக்கையாகத் தெரியும்.

கிரியேட்டினின் இன்னும் மோசமாக ஏமாற்றும். அது தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வழியாக வெளியேறும் கழிவு. தசை குறைந்தவரிடம் சிறுநீரகம் பாதியாகத் தளர்ந்திருந்தும் இரத்தத்தில் அளவு இயல்பாகவே தெரியும். சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்று மதிப்பிடும் காக்ராஃப்ட்–கால்ட் சூத்திரத்தை மாணவர் கையால் போட்டுப் பார்க்க வேண்டும். 140இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 72ஆலும் கிரியேட்டினின் அளவாலும் வகுக்க வேண்டும். பெண்ணுக்கு விடையை 0.85ஆல் பெருக்க வேண்டும். கிரியேட்டினின் 1.0 உள்ள 30 வயது, 70 கிலோ ஆணுக்கு விடை நிமிடத்துக்குச் சுமார் 107 மில்லி. அதே 1.0 உள்ள 85 வயது, 50 கிலோ ஆணுக்குச் சுமார் 38. ஆய்வகத் தாளில் இரண்டு பேருக்கும் "இயல்பு" என்றே அச்சாகியிருக்கும். சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்தை இருவருக்கும் ஒரே அளவில் கொடுத்தால் இரண்டாமவர் மூன்றாம் நாள் மயங்கிக் கிடப்பார், "வயசாச்சு" என்று சொல்லிவிடுவோம்.

எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தம் சரிகிறதா என்று பார்ப்பது எல்லாரும் தெரியும் என்று நினைக்கிற, பெரும்பாலும் தவறாகவே செய்யப்படுகிற சோதனை. ஐந்து நிமிடம் படுக்கவைத்து அளவு எடுக்க வேண்டும். நிற்கவைத்து 1ஆம் நிமிடத்திலும் 3ஆம் நிமிடத்திலும் எடுக்க வேண்டும். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 குறைந்தால் சரிவு உறுதி. எங்கே பிசகுகிறது? படுக்கவைக்காமல் உட்காரவைத்தே தொடங்குவது, நின்றதும் ஒரேயொரு முறை எடுத்துவிட்டு விட்டுவிடுவது, நிற்கும்போது கை தொங்கவிட்டபடி இருப்பது. கை இதயத்தின் மட்டத்துக்குக் கீழே தொங்கினால் அளவு கூடுதலாகக் காட்டும், சரிவு மறைந்துவிடும். கையை ஏந்திப் பிடிக்க ஒருவர், விழாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் என இரண்டு பேர் வேண்டும். காலையில் முதன்முதலாக எழும் நேரம் சரிவு தெரிய ஏற்றது.

டெலிரியம்

ஒரே ஒரு பொருளை மட்டும் ஆழமாகச் சொல்லித்தர நேரமிருக்கிறது என்றால் அது டெலிரியமாகத்தான் இருக்க வேண்டும். திடீரென வரும் மனக்குழப்ப நிலை. கத்துகிறவரை, குழாயைப் பிடுங்குகிறவரை எல்லாரும் கவனிப்பார்கள். அமைதியாகச் சுருண்டு படுத்திருப்பவரைத்தான் தவறவிடுகிறோம். "தொந்தரவே கொடுக்காத நல்ல நோயாளி" என்ற பாராட்டு பல வார்டுகளில் கவனிக்கப்படாத டெலிரியத்தின் பெயர்.

ஷாரன் இனூயி 1990இல் வெளியிட்ட குழப்ப மதிப்பீட்டு முறையில் நான்கு அம்சங்கள். திடீர்த் தொடக்கமும் ஏற்ற இறக்கமும், கவனக்குறைவு, சிந்தனை தொடர்பறுதல், விழிப்பு நிலையில் மாற்றம். முதல் இரண்டும் இருந்து, மூன்றாவது நான்காவது இவற்றில் ஒன்றாவது இருந்தால் டெலிரியம். பார்க்க எளிது. தவறு நடப்பது இரண்டாவதில். பெயர், இடம், தேதி கேட்டுவிட்டு "தெளிவாக இருக்கிறார்" என்று எழுதுவது பழக்கம். அவை நினைவையும் இடம்கால உணர்வையும் பார்க்கிற கேள்விகள். கவனத்தைச் சோதிப்பதே இல்லை. 4ஏடி என்ற சுருக்கச் சோதனையில் கவனத்துக்குத் தனி இடம் உண்டு: ஆண்டின் மாதங்களைக் கடைசியிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்ல வேண்டும். ஏழு மாதமோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால் 0, தொடங்கியும் ஏழைத் தொடவில்லை அல்லது மறுத்துவிட்டார் என்றால் 1, சோதிக்கவே முடியாத அளவுக்கு மயக்கம் என்றால் 2. விழிப்பு நிலை, நான்கு எளிய கேள்விகள், திடீர் மாற்றம் ஆகியவற்றையும் சேர்த்து மொத்தம் 4ஐத் தொட்டால் டெலிரியம் இருக்கக்கூடும் என்று மேலே பார்க்க வேண்டும். மாதங்களை வரிசையாகச் சொல்லிப் பழகாதவரிடம் வார நாட்களைப் பின்னோக்கிக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் அதற்கு அதே மதிப்பெண்ணைப் போட்டு ஆய்வில் சேர்த்துவிடக்கூடாது. அது வேறு சோதனை.

இந்தத் திறமையை விரிவுரையால் கொடுக்க முடியாது. முதலில் மூன்று காணொளிகள்: கிளர்ச்சியோடு இருப்பவர், அமைதியாக ஒடுங்கியிருப்பவர், டிமென்ஷியா மட்டும் உள்ளவர். மாணவர்கள் ஒருவரோடொருவர் பேசாமல் மதிப்பெண் போட வேண்டும். பிறகு வார்டில், பயிற்சி பெற்ற ஒருவரும் மாணவரும் ஒரே நோயாளியை ஒரே மணிநேரத்துக்குள் தனித்தனியே பார்த்து ஒப்பிட வேண்டும். ஒரு மணிநேரம் தாண்டினால் ஒப்பீட்டுக்குப் பொருளில்லை, ஏனென்றால் ஏறி இறங்குவதே இதன் இயல்பு. திடீர் மாற்றம் என்ற அம்சத்துக்கோ நோயாளியின் முகத்தைப் பார்த்து விடை கிடைக்காது. அவரை முன்பே அறிந்தவரைக் கேட்டாக வேண்டும். இரவில் தொலைபேசியில் கேட்கவும் மாணவர் பழக வேண்டும்: "முந்தாநாள் உங்களோடு எப்படிப் பேசினார்?"

தடுப்பதில் செவிலியத்துக்கு இருக்கும் பலத்தைக் காட்ட 1999இல் இனூயி குழு வெளியிட்ட மருத்துவமனை முதியோர் வாழ்வுத் திட்டத்தைவிட நல்ல சான்று குறைவு. 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 பேர். அறிவாற்றல் குறைவு, தூக்கமின்மை, அசைவின்மை, பார்வைக் குறைவு, கேள்திறன் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு என்ற ஆறு ஆபத்துக் காரணிகளுக்கும் எளிய பணிகள். நாளும் இடமும் எழுதிய பலகை, தூங்கும்முன் இளஞ்சூடான பானமும் முதுகு தடவலும், நாளுக்கு மூன்று முறை நடை அல்லது கைகால் அசைவு, மூக்குக்கண்ணாடியைக் கையில் கொடுப்பது, காதுக் குறும்பி அகற்றுவது, தண்ணீர் குடிக்க நினைவூட்டுவது. டெலிரியம் வந்தவர்கள் வழக்கமான பராமரிப்பில் 15.0 சதவீதம், திட்டத்தில் 9.9 சதவீதம். ஆனால் வந்துவிட்ட டெலிரியத்தின் கடுமையை இத்திட்டம் குறைக்கவில்லை. வருமுன் செய்தால்தான் பலன். பின்னர் 2003இல் வந்த பகுப்பாய்வு, பணிகள் உண்மையில் எவ்வளவு நிறைவேறினவோ அவ்வளவுக்கு டெலிரியம் குறைந்ததைக் காட்டியது. மூக்குக்கண்ணாடி பெட்டிக்குள்ளேயே கிடந்தால் திட்டம் தாளில் மட்டுமே நடக்கிறது.

விழுந்துவிடுவாரோ என்ற பயம்

நலமாக உள்ள முதியவர்களையே பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2007இல் வந்தது. கால்களில் மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை கரைந்திருந்தது. நோயாளியாக இருப்பவருக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம். இருந்தும் வார்டில் "எழுந்திரிக்காதீங்க, விழுந்துடுவீங்க" என்பதே அதிகம் கேட்கும் அறிவுரை. விழுந்தால் அறிக்கை எழுத வேண்டும், விளக்கம் சொல்ல வேண்டும். நடக்கும் திறனை இழந்து போனால் யாரும் கேட்பதில்லை. எதைக் கணக்கெடுக்கிறோமோ அதற்குத்தான் பயப்படுகிறோம்.

விழுதல் பற்றிய ஆய்வுகள் நம் உள்ளுணர்வைப் பலமுறை பொய்யாக்கியிருக்கின்றன. கட்டில் எச்சரிக்கை மணி நிச்சயம் பயன்படும் என்று தோன்றும். 2012இல் வெளியான ஒரு சோதனையில் 16 பிரிவுகளில் மணியின் பயன்பாட்டைக் கூட்டியும் விழுதல் குறையவில்லை. ஆஸ்திரேலியாவில் 24 வார்டுகளில் ஆறு நடவடிக்கைகளை ஒன்றாகச் சேர்த்துச் செய்த சோதனை 2016இல் வெளிவந்தது. அதிலும் குறையவில்லை. மாறாக 2015இல் அதே நாட்டின் 8 மறுவாழ்வுப் பிரிவுகளில், நோயாளியோடு தனித்தனியே உட்கார்ந்து அவருடைய ஆபத்து என்ன, எப்போது உதவி கேட்க வேண்டும், தயங்குவது ஏன் என்று பேசி, அதை ஊழியருக்கும் தெரிவித்த திட்டம் பலன் தந்தது: 1,000 நோயாளி நாட்களுக்கு 13.78 ஆக இருந்த விழுதல் 7.80 ஆனது. முதியவரைக் காவல்காப்பது தோற்ற இடத்தில், அவரையே பங்காளியாக்கியது வென்றிருக்கிறது. இதை மாணவர்களுக்கு மூன்று ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் படிக்கவைத்துச் சொல்ல வேண்டும். மூன்றாவதை மட்டும் கொடுத்தால் சான்று எப்படி உருவாகிறது என்பது புரியாது.

விகிதம் போடவும் தெரிய வேண்டும். 30 கட்டில் வார்டில் சராசரியாக 27 நிரம்பியிருந்தால் 30 நாளுக்கு 810 கட்டில் நாட்கள். 4 பேர் விழுந்தால் 4ஐ 810ஆல் வகுத்து 1,000ஆல் பெருக்க, 4.9. "போன மாதம் 3, இந்த மாதம் 4" என்று சொல்வதில் ஒன்றுமில்லை. பயிற்சி தொடங்கிய முதல் சில மாதங்களில் இந்த எண் ஏறுவதும் உண்டு. முன்பு எழுதப்படாத விழுதல்கள் இப்போது எழுதப்படுகின்றன. நிர்வாகம் அதைப் பார்த்துத் திட்டத்தை நிறுத்திவிடும். அதனால் எலும்பு முறிவு, தலைக்காயம் போல மறைக்க முடியாதவற்றைத் தனியே எண்ண வேண்டும்.

எளிய பணி என்று ஒதுக்கியவை

டோரீன் நார்ட்டன் என்ற செவிலியர் தன் சகாக்களோடு 1962இல் வெளியிட்ட ஆய்வைத்தான் இந்தத் துறையின் தொடக்கம் என்பேன். படுக்கைப் புண்ணுக்கு அன்று பூசிவந்த பூச்சுகளால் பயனில்லை, அழுத்தத்தை ஒழுங்காக விடுவிப்பதே காக்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். அதிலிருந்து பிறந்த, படுக்கைப் புண் வரும் ஆபத்தை மதிப்பிடும் நார்ட்டன் அளவுகோலும், பிறகு வந்த பிரேடன் அளவுகோலும் இன்று எங்கும் உண்டு. மொத்த மதிப்பெண்ணை எழுதிவிட்டு நகர்ந்துவிடுவதுதான் இப்போதைய நோய். பிரேடனில் 18ஓ அதற்குக் கீழோ என்றால் ஆபத்து. ஆனால் 16 பெற்ற இருவரில் ஒருவருக்குக் குறைந்தது ஈரம், இன்னொருவருக்கு உணவு. இருவருக்கும் ஒரே காற்றுமெத்தை தீர்வாகாது. ஆறு உட்பிரிவில் எது தாழ்ந்ததோ அதற்கு எதிரே ஒரு செயலை எழுதாத படிவம் முழுமையற்றது என்று கல்லூரியிலேயே பழக்க வேண்டும்.

குளிப்பாட்டுவதும் அப்படித்தான். டிமென்ஷியா உள்ளவர் குளிக்கும்போது அடிப்பது அவருடைய குணம் என்று நினைக்கப்பட்டது. 2004இல் ஃபிலிப் ஸ்லோன் குழு 15 இல்லங்களில் 73 பேரிடம் வேறு முறைகளைச் சோதித்தது. ஒன்று, அவரவர் விருப்பத்துக்கேற்ப மாற்றிய குளியல். மற்றொன்று துவாலைக் குளியல்: அலச வேண்டாத சோப்பு கலந்த வெந்நீரில் பெரிய துவாலையை நனைத்துப் பிழிந்து, உடல் முழுவதும் போர்த்தி, அதன் மேலாகவே மெல்லத் தேய்த்துவிடுவது. உடல் ஒரு நொடியும் திறந்து கிடக்காது, குளிராது. கிளர்ச்சி முதல் முறையில் 53 சதவீதமும் இரண்டாவதில் 60 சதவீதமும் குறைந்தது. பேச்சும் இதில் சேர்த்திதான். குழந்தையிடம் பேசும் குரலில் முதியவரிடம் பேசும்போது அவர் பராமரிப்பை எதிர்ப்பது கூடுகிறது என்று கிறிஸ்டின் வில்லியம்ஸ் குழு காணொளிப் பதிவுகளை நொடிநொடியாகப் பிரித்து 2009இல் காட்டியது. மாணவர் தன் பேச்சைத் தானே பதிவுசெய்து கேட்பதைவிட நல்ல பயிற்சி இதற்கு இல்லை.

ஆய்வில் எங்கே உடைகிறது

முதலில், யாரைச் சேர்ப்பது என்பதில். நினைவுச் சோதனையில் குறிப்பிட்ட மதிப்பெண்ணுக்குக் கீழ் உள்ளவரை விலக்குவது வசதியானது. முடிவைப் பிறகு அவர்களிடம்தான் பயன்படுத்துவோம். ஒப்புதல் தரும் திறன் முழுதாக இருக்கும் அல்லது இல்லாமல் போகும் பொருள் அல்ல. அந்தந்தத் தீர்மானத்தைப் பொறுத்தது. சொன்னது புரிகிறதா, தன் நிலைக்குப் பொருத்திப் பார்க்கிறாரா, ஒப்பிட்டு யோசிக்கிறாரா, முடிவைச் சொல்ல முடிகிறதா என்ற நான்கையும் பார்க்க வேண்டும். அதற்கு முன் கண்ணாடி போட்டிருக்கிறாரா, காதுக் கருவியில் மின்கலம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படிவம் 14 புள்ளிக்குக் குறையாத எழுத்தில், பளபளப்பில்லாத தாளில், பத்திக்கு ஒரு செய்தியாக இருக்கட்டும். படித்துக்காட்டியபின் "புரிந்ததா?" என்று கேட்காமல் "நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். குடும்பத்தார் கையெழுத்திட்டிருந்தாலும், அளவெடுக்கும்போது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

இரண்டாவது, வடிவமைப்பு. செவிலியத் தலையீடு பெரும்பாலும் வார்டு முழுவதற்கும் போகிறது, எனவே நோயாளிகளை அல்லாமல் வார்டுகளைச் சீட்டுக் குலுக்க வேண்டிவரும். ஒரே வார்டில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் ஒத்திருப்பதால் மாதிரி அளவு கூடும். வார்டுக்கு 20 பேர், அந்த ஒப்புமையை அளக்கும் உள்ளொப்புக் கெழு 0.05 என்றால் பெருக்கும் காரணி 1 + 19 × 0.05, அதாவது 1.95. தனிநபர் கணக்கில் 300 பேர் போதும் என்றால் இங்கே 585 பேர் வேண்டும். முதுநிலை ஆய்வேடுகளில் இந்தக் கணக்கு போடாமலே இரண்டு வார்டை ஒப்பிட்டு "பயன் உண்டு" என்று முடிப்பதைப் பார்க்கும்போது, அவ்வளவு உழைப்பும் வீணாகிறதே என்று மனம் கனக்கிறது. அந்த வேறுபாடு தலையீட்டால் வந்ததா, இரண்டாவது வார்டின் பொறுப்புச் செவிலியர் திறமைசாலி என்பதால் வந்ததா என்று பிரிக்க வழியே இல்லை. ஒரு மாணவரால் இவ்வளவு பெரிய ஆய்வு செய்ய முடியாது. எனவே ஒரே ஆண்டில் படிக்கும் பத்துப் பேர் பத்துச் சிறு தலைப்புகளை எடுக்காமல், ஒரே கேள்வியைப் பத்து இடங்களில் ஒரே கருவியால் அளக்கட்டும். ஆளுக்கொரு துணைக் கேள்வியை ஆய்வேடாக எழுதிக்கொள்ளலாம்.

மூன்றாவது, இழப்பு. ஆறு மாதத் தொடர்ச்சியில் சிலர் இறப்பார்கள், சிலர் வேறிடம் போவார்கள், சிலருக்கு நேர்காணல் தர முடியாமல் போகும். அவர்களை நீக்கிவிட்டு மிஞ்சியவரை மட்டும் கணக்கிட்டால் தலையீடு எதுவானாலும் நல்லதாகவே தெரியும், ஏனென்றால் மிஞ்சியவர்கள் வலுவானவர்கள். இறப்பை ஒரு விளைவாகவே முன்கூட்டி வகுத்துக்கொள்ள வேண்டும். நோயாளி சொன்னதையும் உறவினர் சொன்னதையும் ஒரே பத்தியில் கலக்கவும் கூடாது. வலியையும் மனநிலையையும் இருவரும் ஒரே மாதிரி மதிப்பிடுவதில்லை.

கல்விக்கும் உயிருக்கும் தொடர்பு உண்டா என்று கேட்பவர்களுக்கு லிண்டா எய்க்கன் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வைக் காட்டலாம். ஒன்பது ஐரோப்பிய நாடுகள், 50 வயதும் அதற்கு மேலும் ஆன 4,22,730 அறுவைச்சிகிச்சை நோயாளிகள். பட்டம் பெற்ற செவிலியர் விகிதம் 10 சதவீதம் கூடும்போது 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு செவிலியருக்கு ஒரு நோயாளி கூடும்போது அதே 7 சதவீதம் ஏறியிருந்தது. இது கவனித்துப் பதிந்த ஆய்வு, காரணத்தை நிறுவிவிடாது. ஆனால் இரண்டாவது எண்ணை மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் மேற்கோள் காட்டுகிறவர்களை நம்பாதீர்கள். இரவில் இருபது பேரைப் பார்க்கும் செவிலியருக்கு டெலிரியம் பயிற்சி கொடுப்பது அவருடைய குற்றவுணர்ச்சியைத்தான் கூட்டும்.

கற்றதை வார்டில் தங்கவைக்க ஒரு வழி நடைமுறையில் இருக்கிறது. 1992இல் அமெரிக்காவில் தொடங்கிய நைஷ் திட்டத்தின் மையமான யோசனை, ஒவ்வொரு வார்டிலும் பணியில் இருக்கும் செவிலியர் ஒருவரையே முதியோர் வள செவிலியராகப் பயிற்றுவது. அவர் மேலதிகாரி அல்லர், சக ஊழியர். குழப்பமான நோயாளி வந்தால் மற்றவர்கள் அவரைக் கூப்பிடுவார்கள். எங்கே இது தோற்கிறது என்பதும் தெரிந்ததே. அவருக்கு அதே எண்ணிக்கை நோயாளிகளைக் கொடுத்துவிட்டு, கூடுதலாக இதையும் பாருங்கள் என்று சொல்லும் இடத்தில். வாரத்துக்கு நான்கு மணிநேரமாவது கட்டில் பொறுப்பு இல்லாமல் பணிப்பட்டியலிலேயே எழுதித் தர வேண்டும். ஒரு ஷிப்டுக்கு மட்டும் ஒருவர் இருந்தாலும் போதாது. டெலிரியம் இரவில்தான் ஏறும், இரவுப் பணிக்கும் ஒருவர் வேண்டும். கல்லூரி ஆசிரியர் வாரத்தில் ஒருநாள் அதே வார்டில் இவரோடு வேலை செய்ய, இவர் மாதத்தில் ஒரு வகுப்பைக் கல்லூரியில் எடுக்க, ஆய்வுக் கேள்விகள் தானாக வரும்.

வர வேண்டிய கேள்விகளும் ஏராளம். சேர்ந்த முதல் 48 மணிநேரத்தில் எத்தனை முறை எழுப்பி நடத்தினால் பழைய நடை திரும்புகிறது? இரவில் மருந்தும் அளவீடும் ஒரே வேளையில் முடித்தால் தூக்கம் எவ்வளவு கூடுகிறது? சிறுநீர்க் குழாயை எடுக்கும் முடிவைச் செவிலியரிடமே விட்டால் என்ன ஆகிறது? பல்செட்டும் காதுக் கருவியும் எந்தக் கட்டத்தில் தொலைகின்றன: சேர்க்கையிலா, ஸ்கேனுக்குப் போகும்போதா, வார்டு மாற்றத்திலா? பல்செட் இல்லாமல் நான்கு நாள் கஞ்சியிலேயே இருந்தவரின் எடை என்ன ஆனது? இவற்றில் எதற்கும் விலையுயர்ந்த கருவி வேண்டாம். எடைக்கருவி, கடிகாரம், சேர்க்கைப் படிவத்தில் ஆறு கட்டங்கள், அவற்றை நிரப்பச் சில நிமிடங்கள் ஒதுக்கும் பணிப்பட்டியல் ஆகியவை போதும்.